நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த ராக் ஆல்பத்தை மறுமதிப்பீடு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் தள்ளிப்போய் ஒருவழியாக வெளிவரும் ராக் ஆல்பத்துக்கு முதல் வாரத்திலேயே இரண்டு தீர்ப்புகள் தயாராகிவிடுகின்றன. ‘இதற்காகவா இவ்வளவு காலம்?’ என்பது ஒன்று. ‘காத்திருந்தது வீண்போகவில்லை’ என்பது மற்றொன்று. பார்வைக்கு எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுமே காத்திருப்பைப் பற்றிய தீர்ப்புகள்தாம். பாடல்கள் எப்படி இருக்கின்றன என்ற கேள்வி அந்த வாரத்தில் பெரும்பாலும் எழுவதே இல்லை. சில ஆண்டுகள் கழித்து அதே ஆல்பத்தை மீண்டும் எடுத்துக் கேட்டு, முன்பு சொன்னதைத் திரும்பப் பார்ப்பது ரசிகர்களிடையே அதனால்தான் வழக்கமாகிவிட்டது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய விரும்புகிறவர்களுக்கான படிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

விளக்கத்துக்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ‘சைனீஸ் டெமாக்ரஸி’ ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். சொந்தப் பாடல்கள் கொண்ட அவர்களுடைய முந்தைய வெளியீடு, ‘யூஸ் யுவர் இல்யூஷன்’ என்ற பெயரில் இரண்டு ஆல்பங்களாக 1991 செப்டம்பரில் வந்தது. அடுத்தது அமெரிக்காவில் கடைக்கு வந்த நாள் 2008 நவம்பர் 23. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில், பாடகர் ஆக்ஸல் ரோஸையும் கீபோர்டு கலைஞர் டிஸ்ஸி ரீடையும் தவிர பழைய உறுப்பினர்கள் அனைவரும் விலகிவிட்டிருந்தனர். 2005-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட செய்தியின்படி, அதுவரை ஆன தயாரிப்புச் செலவே 1 கோடியே 30 லட்சம் டாலர். கதை இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்ட ஆல்பத்தின் பாடல்களை அந்தக் கதையிலிருந்து பிரித்துக் கேட்க முடிகிறதா என்பதுதான் மறுமதிப்பீட்டின் முழுச் சிக்கலும்.

முதல் படி: எப்போது தொடங்குவது

பத்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு என்று வரும் நிறைவு நாள்கள் மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களுக்குப் பயன்படுபவை; கேட்பவருக்கு அவற்றால் தனிப்பட்ட பயன் எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது, அந்த ஆல்பத்தைச் சுற்றி நடந்த சச்சரவு அடங்கிவிட்டதா என்பதைத்தான். ‘சைனீஸ் டெமாக்ரஸி’ வந்த காலத்தில் பழைய கிட்டார் கலைஞர் ஸ்லாஷ் இல்லாத குழுவை அதே பெயரில் அழைக்கலாமா என்ற வாதமே எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. 2016-இல் ஸ்லாஷும் பாஸ் கிட்டார் கலைஞர் டஃப் மெக்கேகனும் குழுவுக்குத் திரும்பியவுடன் அந்த வாதம் தானாகவே செத்துப்போயிற்று. அதன் பிறகு அந்த ஆல்பம் குழுவின் வரலாற்றில் ஒரு காலகட்டமாகத் தன் இடத்தில் அமர்ந்துகொண்டது. அதை விரும்புவது இன்னொருவருக்குத் துரோகம் செய்வதாகாது என்ற நிலையும் வந்தது. நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஆல்பத்துக்கும் இப்படி ஒரு திருப்பம் நிகழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிகழவில்லை என்றால், அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது உங்களுக்கு இன்னும் கோபமோ தற்காப்பு உணர்ச்சியோ வருகிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்ளலாம். வருகிறது என்றால் இன்னும் சிறிது காலம் போகட்டும்.

இரண்டாம் படி: எதிர்பார்ப்பை எழுதி வைத்தல்

ஆல்பத்தைப் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தாளில், அந்த ஆல்பத்திலிருந்து நீங்கள் அன்று என்ன எதிர்பார்த்தீர்கள் என்பதை நினைவிலிருந்து எழுதுங்கள். ‘நல்ல பாடல்கள்’ என்று பொதுப்படையாக எழுதினால் பயன் இல்லை. முந்தைய ஆல்பத்தின் வேகம் வேண்டுமென்று நினைத்தீர்களா, பழைய கிட்டார் கலைஞரின் வாசிப்பு வேண்டுமென்று நினைத்தீர்களா, அல்லது குழு இன்னும் உயிரோடிருக்கிறது என்ற உறுதி மட்டும் போதுமென்று இருந்தீர்களா? பெரும்பாலானோர் இந்த மூன்றாவதைத்தான் வேண்டியிருந்தார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அதை ஒப்புக்கொள்ளாமல், முதல் இரண்டையும் காரணமாகக் காட்டி ஏமாற்றத்தை விளக்கினார்கள்.

அடுத்து, ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே எந்தெந்தப் பாடல்களைக் கேட்டிருந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது சிறிய விவரமாகத் தோன்றலாம். ஆனால் நெடுங்காலம் தள்ளிப்போன ஆல்பங்களில் இதுவே பாதிக் கதை. ‘சைனீஸ் டெமாக்ரஸி’யின் தலைப்புப் பாடலும் ‘மடகாஸ்கர்’ பாடலும் 2001 ஜனவரியில் ‘ராக் இன் ரியோ’ இசை விழா மேடையிலேயே வாசிக்கப்பட்டவை. பின்னாளில் ‘ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்’ என்று பெயர் மாறிய பாடல், ‘தி ப்ளூஸ்’ என்ற பெயரில் அதே மேடையில் வாசிக்கப்பட்டது. 2006-இல் சில பாடல்களும், 2008 ஜூனில் ஒன்பது பாடல்களும் அனுமதியின்றி இணையத்தில் கசிந்தன. ஆகவே தீவிர ரசிகர் ஒருவருக்கு, நவம்பர் 23-ஆம் நாள் கையில் கிடைத்த ஆல்பத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே மனப்பாடம். புதிய ஆல்பம் தரவேண்டிய முதல் அதிர்ச்சி, பல ஆண்டுகளில் துண்டு துண்டாக, மோசமான ஒலித்தரத்தில், முன்கூட்டியே செலவாகிவிட்டது. ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று அன்று சொன்னவர்களில் பலர் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த உண்மை அவர்கள் கேட்ட விதத்தைப் பற்றியது. முன்பே கேட்ட பாடல்களுக்கு நேரே ஓர் அடையாளம் இட்டுக்கொண்டால், பிறகு மதிப்பிடும்போது எந்தப் பாடலுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பது தெரியும்.

மூன்றாம் படி: எந்தப் பதிப்பு, எவ்வளவு ஒலி

இந்தப் படியைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். மறுமதிப்பீடுகள் தடம் மாறுவதும் இங்கேதான். ஒரு பாடலின் மென்மையான பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையிலான ஒலி வேறுபாட்டை மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பின்போது அமுக்கிச் சுருக்கி, மொத்தப் பாடலையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யும் பழக்கம் 1990-களிலிருந்து ராக் இசையில் வலுத்துவந்தது. சத்தப் போட்டி என்று ஒலிப்பதிவுத் துறையினர் இதைக் குறிப்பிடுவதுண்டு. வானொலியிலோ கடையிலோ வேறொரு பாடலுக்குப் பக்கத்தில் ஒலிக்கும்போது இப்படிச் சுருக்கிய பாடல் எடுப்பாகத் தெரியும்; முழு ஆல்பமாகக் கேட்கும்போது காது களைத்துப்போகும்.

2008-இன் இறுதி மாதங்கள் இதற்கு அருமையான பாடம். அந்த ஆண்டு செப்டம்பரில் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வந்தது. அதன் குறுந்தகட்டில் ஒலி மிகையாக அமுக்கப்பட்டு இரைச்சலாகக் கேட்கிறது என்றும், ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் கிடைக்கும் அதே பாடல்கள் தெளிவாக இருக்கின்றன என்றும் ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, மறுகலவை (ரீமிக்ஸ்) கேட்டுக் கையெழுத்து இயக்கமும் நடத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த ‘சைனீஸ் டெமாக்ரஸி’ இதற்கு நேர்மாறான முடிவின் விளைவு. மாஸ்டரிங் கலைஞர் பாப் லட்விக் மூன்று விதமாக அதை மாஸ்டர் செய்து அனுப்ப, ஒலி வேறுபாடுகளை அப்படியே விட்டுவைத்த பதிப்பை ஆக்ஸல் ரோஸும் உடன் தயாரிப்பாளர் கரம் கோஸ்டான்சோவும் தேர்ந்தெடுத்தார்கள். இதன் பொருள், அன்றைய மற்ற ராக் ஆல்பங்களைக் கேட்ட அதே ஒலி அளவில் இதைப் போட்டவருக்கு இது சற்று அடங்கியதாக, வலுவற்றதாகத் தோன்றியிருக்கும் என்பதே. இரண்டு ஒலிப்பதிவுகளை அளவு மாற்றிக் கேட்டால், கொஞ்சம் உரக்க ஒலிப்பதே மேலானதாகத் தோன்றும் என்பது காதின் இயல்பு.

இன்றைய நிலை வேறு. ஸ்ட்ரீமிங் சேவைகள் பாடல்களின் சராசரி உரப்பைச் சமப்படுத்தித்தான் ஒலிக்கச் செய்கின்றன; ஸ்பாட்டிஃபையின் இயல்பான இலக்கு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அளவு. அமுக்கிச் சுருக்கிய ஆல்பத்தின் ஒலி அங்கே தானாகக் குறைக்கப்படுகிறது. அதன் பழைய சாதகம் போய்விடுகிறது. ஒலி வேறுபாடுகளைக் காத்துவைத்த ஆல்பமோ அங்கே மூச்சு விடுகிறது. ஆகவே ‘இத்தனை ஆண்டு கழித்துக் கேட்டால் நன்றாக ஒலிக்கிறதே’ என்று தோன்றினால், மாறியது உங்கள் ரசனையா, கேட்கும் கருவியா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. முதலில் வெளியான பதிப்பைத் தேடி எடுங்கள். மறுமாஸ்டர் செய்த பதிப்பு இருந்தால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு பின்னர் ஒப்பிடுங்கள். குறுந்தகட்டையும் ஸ்ட்ரீமிங் பதிப்பையும் ஒப்பிடுவதாக இருந்தால், உரப்பைச் சமப்படுத்தும் அமைப்பை அணைத்துவிட்டு, ஒலி அளவைக் கையால் சரிசெய்து இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவாருங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியையும், ஆல்பம் முடிந்தவுடன் வேறு பாடல்களைத் தானாகத் தொடரும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அன்று எந்த வகையான கருவியில் கேட்டீர்களோ, அதே வகையில் ஒருமுறையாவது கேட்க முடிந்தால் மிகவும் நல்லது.

நான்காம் படி: ஒரே அமர்வில் முழுமையாக

இடையில் நிறுத்தாமல், குறிப்பு எதுவும் எடுக்காமல், வரிசை மாறாமல் ஒருமுறை கேட்க வேண்டும். நெடுங்காலம் உருவான ஆல்பங்கள் பெரும்பாலும் நீளமானவை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பாடல்களில் எதையும் விட்டுவிட மனம் வராது, குறுந்தகட்டிலும் ஏறக்குறைய எண்பது நிமிடம் இடம் இருக்கிறது. ‘சைனீஸ் டெமாக்ரஸி’ பதினான்கு பாடல்கள், 71 நிமிடம். பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் 2019 ஆகஸ்ட் 30-இல் வந்த டூல் குழுவின் ‘ஃபியர் இனாக்குலம்’ குறுந்தகட்டில் ஏழே தடங்கள்தாம். அவற்றில் ஆறு பத்து நிமிடத்துக்கும் மேல் நீள்பவை. இணையவழிப் பதிப்பில் இன்னும் மூன்று இடைத்தடங்கள் சேர்ந்து 86 நிமிடத்தைத் தொடுகிறது. இந்த ஆல்பத்தைக் கேட்பவர் எந்தப் பதிப்பைக் கேட்டார் என்பதைச் சொல்லாமல் அதன் ஓட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது பொருளற்றது.

உங்கள் கவனம் எந்த இடத்தில் சிதறியது என்பதை மட்டும், கேட்டு முடித்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். வெளியான நாளில் யாருக்கும் கவனம் சிதறியிருக்காது. ஒவ்வொரு நொடியையும் சோதித்துக்கொண்டே கேட்டிருப்போம். அதனால் ஆல்பத்தின் உண்மையான நீளத்தை உணரும் முதல் வாய்ப்பு இதுவாகவே இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: பாடல் பாடலாகப் பிரித்துக் கேட்டல்

முழு ஆல்பத்தையும் கேட்டுச் சில நாள்கள் சென்ற பிறகு, பாடல்களைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாடலையும் ஒருமுறை குரலை மட்டும் பின்தொடர்ந்தும், ஒருமுறை டிரம்ஸையும் பாஸையும் மட்டும் பின்தொடர்ந்தும், ஒருமுறை கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்தும் கேட்பது பழைய முறை; அடுக்கடுக்காகப் பதிவுசெய்யப்பட்ட ஆல்பங்களுக்கு இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. ‘சைனீஸ் டெமாக்ரஸி’யின் கிட்டார் பகுதிகளில் ராபின் ஃபிங்க், பக்கெட்ஹெட், ரான் ‘பம்பிள்ஃபுட்’ தால், ரிச்சர்ட் ஃபோர்டஸ், பால் டோபையஸ் ஆகிய ஐவரும் வாசித்திருக்கிறார்கள். இவர்களில் சிலர் ஆல்பம் வெளிவந்தபோது குழுவிலேயே இல்லை. பக்கெட்ஹெட் 2004-இலேயே விலகிவிட்டார். யார் எந்த இடத்தில் வாசிக்கிறார் என்பதை ஆல்பத்தின் உள்ளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவனித்தால், அன்று ஒரே கூட்டு இரைச்சலாகக் கேட்டது வெவ்வேறு மனிதர்களின் வாசிப்பாகப் பிரியத் தொடங்கும். ‘தேர் வாஸ் எ டைம்’ பாடலின் இறுதியில் பக்கெட்ஹெட் வாசிக்கும் நீண்ட சோலோவும் (தனி வாசிப்பு), ‘திஸ் ஐ லவ்’ பாடலில் ராபின் ஃபிங்க் வாசிக்கும் சோலோவும் முற்றிலும் வெவ்வேறு மனநிலைகள். முன்னது மேலே மேலே ஏறிச்சென்று பாடலைக் கைப்பற்றிக்கொள்கிறது. பின்னது பாடகர் நிறுத்திய இடத்திலிருந்து அவருடைய புலம்பலையே தொடர்கிறது. ஸ்லாஷ் இல்லையே என்ற ஒரே குறையோடு கேட்டவர்களுக்கு இந்த வேறுபாடு கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இதற்கு அடுத்து, மேடை வடிவங்களைக் கேளுங்கள். ஒரு பாடலை ஸ்டூடியோ அடுக்குகள் இல்லாமல், வேறு கலைஞர்கள் வாசிக்கக் கேட்கும்போதுதான் பாடல் எது, தயாரிப்பு எது என்பது பிரிந்து தெரிகிறது. 2016-க்குப் பிறகு நடந்த கச்சேரிகளில் ‘பெட்டர்’, ‘திஸ் ஐ லவ்’, தலைப்புப் பாடல் ஆகியவற்றை ஸ்லாஷே வாசித்தார். அவர் இல்லாததால் குறைபட்டதாகச் சொல்லப்பட்ட பாடல்களை அவரே வாசிக்கக் கேட்க முடிவது, மறுமதிப்பீடு செய்பவருக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு. ‘பெட்டர்’ பாடலுக்கு அந்த வாசிப்பு கொஞ்சம் உடல் வலிமையைத் தருகிறது. ஆனால் அதன் அடிப்படை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, அப்படியேதான் நிற்கிறது. அது முதலிலேயே நல்ல பாடல். ‘திஸ் ஐ லவ்’ பாடலில் ஃபிங்க் வாசித்ததுதான் பொருத்தமானது என்பேன். இதில் உங்கள் காது வேறு சொன்னால் உங்கள் காதையே நம்புங்கள்.

மூன்றாவதாக ஒரு சோதனை. கருவி எதுவும் இல்லாமல் கோரஸை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். ‘ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்’ தாங்குகிறது. ‘ஸ்க்ரேப்ட்’ தாங்கவில்லை, அதன் தொடக்கத்தில் வரும் பல அடுக்குக் குரல்களை எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இல்லை. ‘மடகாஸ்கர்’ விவாதத்துக்குரியது. அதன் பாடல் பகுதி கம்பீரமானது. ஆனால் நடுவில் மார்ட்டின் லூதர் கிங்கின் உரைப் பகுதிகளையும் திரைப்பட வசனங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது, பாடல் தானாகவே எட்டியிருந்த உயரத்தை அதற்கு வெளியே தேடுவதாக எனக்குத் தோன்றுகிறது.

ஆறாம் படி: ‘காலாவதியான ஒலி’ என்ற குற்றச்சாட்டு

தள்ளிப்போகும் ஆல்பங்கள் அனைத்தும் சந்திக்கும் குற்றச்சாட்டு இது. 1990-களின் இறுதியில் பரவியிருந்த எந்திரத்தனமான டிரம் சுழற்சிகளும் சிதைந்த குரல்களும் ‘ஷாக்லர்ஸ் ரிவெஞ்ச்’ போன்ற பாடல்களில் உண்டு. அந்த ஒலியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ராபின் ஃபிங்க், அத்தகைய ஒலிக்குப் பெயர்பெற்ற நைன் இன்ச் நெயில்ஸ் குழுவிலிருந்து வந்தவர்தாம். 2008-இல் கேட்டவருக்கு இது பத்தாண்டு பிந்திய மோஸ்தராகப் பட்டது. அந்தக் குற்றச்சாட்டு அன்று சரியானதே. இன்று அதன் நிலை என்ன?

1998-ஐயும் 2008-ஐயும் ஒரே தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு, அந்த ஒலி தன் காலத்துக்குப் பத்தாண்டு பிந்தி வந்தது என்பது வெறும் வரலாற்றுக் குறிப்பு. பிந்தி வந்த பழைமை காலப்போக்கில் கரைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது, அந்த ஒலி பாடலுக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி மட்டுமே. ‘இஃப் தி வேர்ல்ட்’ பாடலில் ஃபிளமெங்கோ பாணி நைலான் கிட்டாரும் மந்தமான மின்னணுத் தாளமும் சேர்ந்து ஒரு விசித்திரமான இதத்தைத் தருகின்றன, அங்கே பொருந்துகிறது. ‘ஷாக்லர்ஸ் ரிவெஞ்ச்’ பாடலில் எந்திரத்தனமான ஒலிகள் ஒரு சாதாரண மெட்டை மறைக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

மை பிளடி வாலன்டைன் குழுவின் ‘எம் பி வி’ ஆல்பத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1991 நவம்பரில் வந்த ‘லவ்லெஸ்’ ஆல்பத்துக்குப் பின் இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2013 பிப்ரவரி 2-இல் அது வெளியிடப்பட்டது. அதன் ஒரு பகுதி 1990-களின் நடுவிலேயே பதிவுசெய்யப்பட்டது. இறுதிப் பாடலான ‘வண்டர் 2’ அந்தப் பத்தாண்டின் டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னணு நடன இசையின் தாளத்தின் மீது ஓடுகிறது. ஆயினும் அதைக் காலாவதியானது என்று யாரும் பெரிதாகக் குறைசொன்னதாக நினைவில்லை. ஏனெனில் அந்தத் தாளம் கிட்டார் அலைகளுக்குள் முழுமையாகக் கரைந்துபோயிருக்கிறது.

ஏழாம் படி: காத்திருப்பின் தடத்தைப் பாட்டுக்குள் தேடுதல்

இதுவரை காத்திருப்பை ஒதுக்கிவைத்தோம். இப்போது அதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் காதில் கேட்கும் அளவுக்கு மட்டுமே. டாக்டர் பெப்பர் குளிர்பான நிறுவனம், 2008 முடிவதற்குள் ஆல்பம் வந்துவிட்டால் ஸ்லாஷையும் பக்கெட்ஹெட்டையும் தவிர்த்து அமெரிக்காவில் உள்ள எல்லோருக்கும் தன் பானம் இலவசம் என்று அறிவித்தது, ஆல்பமும் வந்துவிட்டது. சுவையான செய்திதான், ஆனால் அது எந்தப் பாடலிலும் கேட்பதில்லை. செலவுக் கணக்கும் அப்படியே. மாறாக, பல ஆண்டுகளில் பலர் வாசித்த பகுதிகள் ஒரே பாடலில் ஒன்றாகக் கிடப்பது காதுக்குக் கேட்கிறது. ‘கேட்ச்சர் இன் தி ரை’ பாடலுக்குக் குயீன் குழுவின் பிரையன் மே வாசித்துக் கொடுத்த கிட்டார் பகுதி இறுதி வடிவத்தில் இல்லை. கசிந்த பழைய வடிவத்தைக் கேட்டுப் பழகியவர்கள் அந்த வெற்றிடத்தை உணர்வார்கள், மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. சேர்த்துக்கொண்டே போனது, எடுத்துக்கொண்டே போனது ஆகிய இரண்டு செயல்களின் தடங்களையும் பாடல்வாரியாகக் குறித்தால், காத்திருப்பு எந்தப் பாடலை வளர்த்தது, எந்தப் பாடலைக் கெடுத்தது என்பது தெளிவாகும். எட்டிப் பார்த்துக் கிளறிக்கொண்டே இருந்தால் சோறு குழைந்துபோவதைப் போன்ற நிலை இரண்டு மூன்று பாடல்களில் உண்டு. ‘தேர் வாஸ் எ டைம்’ பாடலிலோ அத்தனை அடுக்குகளும் தேவையானவை.

எல்லாக் காத்திருப்புகளும் இப்படித் தடம் விடுவதில்லை. பாஸ்டன் குழுவின் ‘தேர்டு ஸ்டேஜ்’ 1978-இல் வந்த முந்தைய ஆல்பத்துக்குப் பின் எட்டு ஆண்டுகள் கழித்து 1986-இல் வந்தது. சின்தசைசர்கள் எங்கும் நிறைந்திருந்த அந்த ஆண்டில், தங்கள் ஆல்பத்தில் அவை பயன்படுத்தப்படவில்லை என்று அவர்கள் உறையிலேயே அச்சிட்டார்கள். குழுவின் தலைவர் டாம் ஷோல்ஸ் தன் வழக்கமான முறையிலேயே செய்ததால் அதில் எட்டு ஆண்டுகள் ஓடியதே கேட்பதில்லை. இது பாராட்டா, குறையா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

எட்டாம் படி: பழைய விமர்சனங்களையும் மற்ற ரசிகர்களையும் கேட்டல்

வெளியான வாரத்து விமர்சனங்களை இந்தக் கட்டத்துக்கு முன்பு படிக்காதீர்கள். படிக்கும்போது, எழுதியவருக்கு ஆல்பத்தைக் கேட்க எத்தனை நாள் கிடைத்திருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மறுமதிப்பீடு என்றாலே மதிப்பை உயர்த்துவது என்ற எண்ணம் ரசிகர்களிடையே ஊறியிருக்கிறது. அதற்கு மாற்று மருந்தாக ஓயாசிஸ் குழுவின் ‘பீ ஹியர் நௌ’ ஆல்பத்தின் கதையைச் சொல்லலாம். 1997 ஆகஸ்ட் 21-இல் வெளியான அந்த ஆல்பம் பிரிட்டனில் முதல் நாளிலேயே நான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. விமர்சகர்களும் புகழ்ந்து தள்ளினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தப் புகழ்ச்சி வடிந்து, மிகையான நீளமும் அளவுக்கு மீறிய கிட்டார் அடுக்குகளுமே பேச்சாயின. பாடல்களை எழுதிய நோயல் கேலகரே அதைக் கடுமையாகக் குறைசொல்லிவந்தார். 2016 மறுவெளியீட்டுக்காக அவர் ‘டு யூ நோ வாட் ஐ மீன்?’ பாடலை மட்டும் மறுகலவை செய்து தந்தார். எதிர்த்திசைக்கு ஃப்ளீட்வுட் மாக் குழுவின் ‘டஸ்க்’ பொருந்தும். பெருவெற்றி பெற்ற ‘ரூமர்ஸ்’ ஆல்பத்துக்குப் பின் 1979 அக்டோபரில், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவான இரட்டை ஆல்பமாக வந்து, விற்பனையில் முந்தையதை நெருங்க முடியாததால் தோல்வி என்று பேசப்பட்டது. இன்று அதன் துணிச்சலுக்காகவே அதைத் தேடிக் கேட்பவர்கள் உண்டு. உங்கள் மறுமதிப்பீடு இந்த இரண்டு திசைகளில் எதிலும் செல்லத் தயாராக இருக்க வேண்டும். ஒருபோதும் கீழே இறங்க முடியாத மதிப்பீட்டுக்கு விசுவாசம் என்று பெயர்.

அடுத்து, காத்திருக்காதவர்களிடம் பேசுங்கள். ஆல்பம் வெளிவந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, குழுவின் பழைய ஆல்பங்களோடு சேர்த்து ஒரே வாரத்தில் அதைக் கேட்ட இளைய ரசிகர்களுக்கு 1991-க்கும் 2008-க்கும் இடையிலான தூரம் ஒரு பொத்தானை அழுத்தும் நேரம்தான். அவர்களிடம் ‘ஆல்பம் எப்படி?’ என்று கேட்காதீர்கள். எந்தப் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை நீங்கள் இரண்டாம் படியில் அடையாளம் இட்ட பாடல்களோடு ஒப்பிடும்போது, முன்பே கசிந்ததால் உங்களுக்குத் தேய்ந்துபோன பாடல் எது, உண்மையிலேயே தேறாத பாடல் எது என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும். அதே வேளையில், ‘யாரும் புரிந்துகொள்ளாத மகத்தான படைப்பு’ என்று தொடங்கும் உரையாடல்களிலிருந்து விலகியிருங்கள். அது மற்றவர்களைப் பற்றிய கூற்று. ஆல்பத்தைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை.

ஒன்பதாம் படி: தீர்ப்பை எழுதுதல்

எழுத வேண்டும், பேசி விடுவது போதாது. ஆல்பத்துக்கு மொத்தமாக மதிப்பெண் போடுவதைக் கடைசிவரை தள்ளிவையுங்கள். முதலில் பாடல்வாரியாக ஒரு வாக்கியம் எழுதி, அந்த வாக்கியத்தில் காத்திருப்பு, செலவு, இல்லாமல்போன கலைஞர் ஆகிய மூன்றும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் அடித்துவிட்டுக் காதில் கேட்பதை மட்டும் வைத்து மீண்டும் எழுதுங்கள்.

ரசிகர்கள் விரும்பி ஆடும் ஓர் ஆட்டம் உண்டு: பலவீனமான பாடல்களை நீக்கிப் பத்துப் பாடல்களில் தங்களுக்கான ஆல்பத்தை அமைத்துக்கொள்வது. சோதனையாக அதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. எந்தப் பாடலை நீக்கினால் பக்கத்துப் பாடல் வலுவிழக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் தீர்ப்பு, வெளியிடப்பட்ட பதினான்கு பாடல்களுக்கே வழங்கப்பட வேண்டும். நீங்கள் திருத்திய பத்துப் பாடல்களைப் புகழ்ந்தால் அது உங்களை நீங்களே பாராட்டிக்கொள்வதாகிவிடும்.

இந்த முறைப்படி நான் எழுதிய தீர்ப்பு சுருக்கமாக இது: ‘சைனீஸ் டெமாக்ரஸி’ சீரற்ற, அளவுக்கு மீறி நீண்ட ஆல்பம், ஆனால் ‘பெட்டர்’, ‘ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்’, ‘தேர் வாஸ் எ டைம்’, ‘திஸ் ஐ லவ்’ ஆகிய நான்கும் இந்தக் குழுவின் எந்தக் காலத்துச் சிறந்த பாடல்களோடும் சேர்த்து வைக்கத் தக்கவை. இறுதிப் பாடலான ‘ப்ராஸ்டிட்யூட்’ அந்த நான்குக்கு மிக அருகில் வருகிறது. ‘ஸ்க்ரேப்ட்’, ‘ரியாட் அண்ட் தி பெடுவின்ஸ்’ இரண்டையும் இழந்தால் நட்டமில்லை. தீர்ப்பின் அடியில் தேதியையும், கேட்ட பதிப்பையும், கேட்ட கருவியையும் குறித்துவிடுங்கள். அடுத்த முறை அதே ஆல்பத்தை எடுக்கும்போது அந்தக் குறிப்பு இல்லாமல் ஒப்பிட முடியாது.

அந்தப் பதிவுகளின் காலத்தில் உருவாகி மிஞ்சிப்போன பாடல்களைப் புதுப்பித்துக் குழு பின்னர் வெளியிட்டவற்றை, இந்தத் தீர்ப்பை எழுதி முடித்த பிறகே கேட்க வேண்டும். 2021-இல் ‘அப்சர்ட்’, ‘ஹார்ட் ஸ்கூல்’, 2023-இல் ‘பெர்ஹாப்ஸ்’, ‘தி ஜெனரல்’ என அவை வந்தன. ஸ்லாஷும் டஃபும் அவற்றில் வாசித்திருப்பதால், அவற்றை முன்கூட்டியே கேட்டுவிட்டால் 2008-இன் வாசிப்பை அந்தக் காதுகளோடுதான் அளப்போம். தனித் தாளில் அவற்றுக்கு வேறொரு மதிப்பீடு எழுதி, பழைய தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.